நுனி கிள்ளிய வெற்றிலை

செல்லசாமிக்கு மூச்சு விடுவதே தனி வேலையாகிப் போயிருந்தது. பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் பாதை முடிந்த பிறகும் ஏறிப்போனால் வருகிற தோட்டம் அது. அங்கே கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முற்றிய தேயிலைக் கிளைகளை ஒரே வீச்சில் கழித்துத் தள்ளுகிற மனுசன், தை மாதம் வந்தால் வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டுவான். படுத்தால் நெஞ்சை அடைக்கும். அவன் படுத்துத் தூங்கி வருசக்கணக்காகியிருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவர்களுக்குக்கூட அவன் இழுப்புச் சத்தம் பழகிவிட்டது.

பெண்டாட்டி அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் பழகவில்லை. அவள் கொழுந்தெடுக்கிறவள். இரண்டு கையும் இரண்டு ஆளாக ஓடும். மலையில் நிற்கும்போதும் அவள் காது லயத்துப் பக்கமே இருக்கும். தோட்டத்து மருந்துக்காரர் நல்ல மனுசன், ஒருநாள் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு அம்மாக்கண்ணு, இந்தக் குளிரும் ஈரமும் இருக்கிற வரைக்கும் நான் குடுக்கிற மருந்து வெறும் தண்ணிதான். வெயிலடிக்கிற ஊராப் பார்த்துக் கூட்டிட்டுப் போ, பொழைச்சுக்குவான். இங்கயே இருந்தா இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்க மாட்டான்."

வெயிலடிக்கிற ஊருக்கு அவளுக்கு ஒரு வழி இருந்தது. அண்ணன் நல்லமுத்து, யுத்தம் முடிந்த கையோடு பூர்வீக ஊரான திருச்சிக்கே போய்விட்டவன். உறையூருக்கு மேற்கே காவேரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால் குத்தகைக்கு எடுத்திருக்கிறான் என்று கேள்வி. அவன் ஒரு மூலை கொடுத்தால் போதும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஆனால் போவது என்றால் சும்மாவா? இரண்டு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். வெள்ளைக்காரன் கொடியை இறக்கினானோ இல்லையோ, நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டதற்கு இல்லை என்று பதில் வந்தது. அக்கரைக்காரனோ இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்டிக்கும் கொழும்புக்கும் செருப்பில்லாத காலோடு அலைந்து கடைசியில் ஒரு அனுமதி வாங்கினார்கள். போகலாம், குறித்த தேதிக்குள் திரும்பிவிட வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் உள்ளே விடமாட்டோம். பிறந்த வீட்டுக்குள் நுழைய நாள் குறித்துக் கொடுத்த கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

மகள் நாகலெட்சுமி அப்போதுதான் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பயல்கள் இரண்டு பேரும் சிறிசுகள். மூன்று பேரையும் அம்மாக்கண்ணு பக்கத்துக் காம்பரா ராக்காயியிடம் ஒப்படைத்தாள்.

"போயிட்டு வாக்கா. எம்புள்ளைங்க தின்றதை உம்புள்ளைங்களும் திங்கட்டும். அண்ணன் நல்லா மூச்சு விட்டாப் போதும்" என்றாள் ராக்காயி.

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, திருச்சியில் இறங்கியபோது நடுப்பகல். அடேயப்பா, என்ன வெயில்! அம்மாக்கண்ணு போர்த்தியிருந்த கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்கா நின்றது. குதிரையும் தூங்கியது, வண்டிக்காரனும் தூங்கினான். எழுப்பினால், "இந்த வெயில்ல எங்கம்மா போறீங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போவலாமே" என்று கொட்டாவி விட்டான். வழியில் பாதிக் கடைகள் பலகை சாத்திக் கிடந்தன. முதலாளிமார் உள்ளே விசிறியோடு படுத்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல பெரட்டே கிடையாது போலருக்கு" என்றான் செல்லசாமி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் இல்லாத ஊரை அவன் அன்றுதான் பார்த்தான். மலைக்கோட்டையைக் காட்டியபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்தப் பாறைய வச்சிக்கிட்டு மலைங்கிறாங்களே! நம்ம மலையில பாதிக்குக் காணாது." அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் இருமல் வரவில்லை. அம்மாக்கண்ணு அதைக் கவனித்தாள்.

நல்லமுத்து தங்கையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டான். மதினி மீனம்மாவும் குறை வைக்கவில்லை, வந்த அன்றைக்கே குழம்பில் விரால் மீன் கிடந்தது. மாசி மாதம், காவேரியில் தண்ணீர் ஒரு ஓரமாய் ஒதுங்கி ஓட, மற்றதெல்லாம் மணல். சாயங்காலமானால் ஊரே அந்த மணலில் வந்து உட்கார்ந்துவிடும். காலை நீட்டிக்கொண்டு, சுண்டலைக் கொறித்துக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டு. யாரும் யாரையும் விரட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, கரையோரப் புங்கமரத்து நிழலில், சுடுமணலில் செல்லசாமி துண்டை விரித்தான். விரித்துப் படுத்தான். அம்மாக்கண்ணு துவைத்த சேலையைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவனிடம் அசைவில்லை. சத்தமும் இல்லை. ஓடிப்போய் மூக்குக்கு நேரே கையை வைத்தாள். மூச்சு வந்தது. சத்தமில்லாமல், தடையில்லாமல், தொட்டில் பிள்ளைக்கு வருகிற மாதிரி வந்தது. கலியாணமாகி இத்தனை காலத்தில் அவள் புருசன் இப்படித் தூங்கிப் பார்த்தது அன்றுதான். அந்த மணலிலேயே உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். எப்பாடுபட்டாவது இந்த ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

அன்றைக்கே அண்ணனிடம் விசயத்தைச் சொன்னாள். நல்லமுத்து மோட்டுவளையைப் பார்த்தான். "இருங்க தங்கச்சி, பார்ப்போம். கொடிக்காலும் என்னதில்ல, மிராசுதாரோடது. கையி வேலை செஞ்சா வாயிக்குக் கஞ்சி கிடைக்காமலா போயிரும்?" என்றான்.

அந்த ஒரு சொல்லை அம்மாக்கண்ணு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து தின்கிறவள் இல்லை, என் கை வேலையை அண்ணன் பார்க்கட்டும். அதுதான் அவள் நினைப்பு. மற்றபடி அவள் மனதில் ஒரு சூதும் கிடையாது, பாவம்.

தோட்டத்தில் ஆளை எழுப்புகிற தப்புச் சத்தம் கேட்காமலே அவளுக்கு விடியுமுன் முழிப்பு வந்துவிடும். உடம்பில் ஊறிப்போன பழக்கம். மறுநாள் மதினியின் கூடை ஒன்றை எடுத்து, கயிறு கட்டி நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கொடிக்காலுக்குள் நுழைந்தாள். அகத்தி மரங்கள் வரிசையாய் நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. ஒரு பக்கம் அந்த வருசத்துப் புதுக்கொடி. சரியாக நெஞ்சளவு. தேயிலை நிற்கிற உயரம். தளதளவென்று, பச்சையும் மஞ்சளுமாய் இளநுனி. அதைக் கண்டதும் அவள் கை அவளைக் கேட்கவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு. இரண்டு கையும் பறந்தன. சூரியன் மேலே வருவதற்குள் ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசையில் பாதிக்கு வந்துவிட்டாள். முற்றல் இலை ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை.

நல்லமுத்து வந்தான். கூடையைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தாயி பண்ணி வச்சிருக்க?"

"ஏன்ணே, நல்லாத்தானே எடுத்திருக்கேன்? ஒரு முத்தல் கிடையாது பாருங்க."

"முத்தலைத்தான் தாயி கிள்ளணும்! இது தேயிலையா? வெத்தலைக்கு நுனியிலதான் உசுரு. நுனி போனா கொடி எப்படி ஏறும்?"

அம்மாக்கண்ணு கூடையைக் கீழே இறக்கினாள். "முத்தல் எடுத்தா எங்க மேற்பார்வைக் கண்டாக்கையா அரை நாள் பேர்தாண்ணே போடுவாரு..." என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு வயதில் கூடை மாட்டியதிலிருந்து முற்றல் இலைக்காக எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாள்! வெட்டின தேயிலை மறுபடி தழைக்கும், கிள்ளின கொழுந்து மறுபடி வரும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் நுனியைக் கிள்ளுவதுதான் விவசாயம்.

மீனம்மா படலோரம் நின்றுகொண்டு, "நாத்தனார் கை வச்சா நம்ம கொடிக்கால் நல்லா விளங்கிரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மிராசுதாருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் புருசன்தானே?

பெண்டாட்டி தலைகுனிந்து நிற்பதைச் செல்லசாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். நிழல் மண்டிக் கிடந்த அகத்திகளைக் கழிக்கத் தொடங்கினான். ஒரே வெட்டு, பட்டை உரியாத வெட்டு, கிளை கொடி மேல் விழாமல் வெளியே போய் விழுந்தது. மத்தியானம் வரைக்கும் வெட்டினான். இளைக்கவில்லை. நல்லமுத்து வரப்பிலிருந்து எழுந்து வந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தான்.

அந்திக்கு அண்ணன் தங்கையை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான்.

"தங்கச்சி, மனசுல வச்சிக்காத. மச்சான் இங்க இருக்கட்டும். அகத்தி கழிக்க ஆளில்லாம நான் நாயா அலையிறேன். எங்க வயித்தோட அவரு வயிறும் ஒண்ணாப் போயிரும். ஆனா நீயும் மூணு புள்ளைகளும் வந்தா..." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "எனக்கும் நாலு கெடக்கு தாயி. நான் எங்க போவேன்?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நான் அந்த வரிசையைக் கிள்ளாமல் இருந்திருந்தால் அண்ணன் மனசு வேறு மாதிரி இருந்திருக்குமோ என்ற நினைப்பு மட்டும் முள்ளாய்த் தைத்தது. சாகிற வரைக்கும் அந்த முள் எடுபடவே இல்லை.

செல்லசாமி ஒரேயடியாக மறுத்துவிட்டான். "என்னா பேச்சு பேசுற? செத்தாலும் புள்ளைங்க முகத்தப் பார்த்துட்டே சாவுறேன். நான் இருக்க மாட்டேன்."

"இங்க பாருங்க. உங்க அப்பன் அந்தக் கரையில உசுரோட இருக்காருன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிக்கிறேன். அவுங்க கண்ணு முன்னால நீங்க மூச்சு முட்டிச் சாவுறதை என்னால பார்க்க முடியாதுங்க. அடுத்த மாசிக்குப் புள்ளைங்களையும் கூட்டிட்டு நானே வாரேன்."

"வருவியா?"

"வராம எங்க போவேன்?"

சொல்லும்போதே அது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் ரயிலேறினாள். குறித்த தேதி நெருங்கிவிட்டது. ஜன்னலோரம் நின்றவனிடம், "இந்தக் கம்பளி இனிமே உங்களுக்கு எதுக்கு? இந்த வெயிலுக்குப் போர்த்தினா வெந்துபோயிருவீங்க" என்று சிரித்தாள். அவனுடைய கம்பளியையும் அவளே எடுத்துக்கொண்டாள். கப்பலேறுமுன் ஆளைச் சோதிக்கிற மண்டபம் முகாம் வரைக்கும் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் செல்லசாமியின் பேரை வெட்டிவிட்டார்கள். தேதி தாண்டியதால் இந்தக் கரையில் அவனுக்கு வழியும் அடைபட்டது. அடுத்த மாசிக்கு அம்மாக்கண்ணு மறுபடி அனுமதி கேட்டுப் போனாள். போவதென்றால் ஒரேயடியாகப் போ, திரும்பி வருகிற பேச்சு வேண்டாம் என்றார்கள். மூன்று பிள்ளைகளோடு ஒரேயடியாகப் போய் எந்த வாசலில் நிற்பது? ஒருதரம் கேட்டாள், இரண்டுதரம் கேட்டாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். "புருசனைக் கரையேத்திட்டு வந்துட்டா" என்று லயத்தில் சாடை பேசினார்கள். ராக்காயி அவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள்: "உங்க புருசன் மூச்சு முட்டிக் கெடந்தா என்னா செஞ்சிருப்பீங்க, தோள்ல சொமந்திருப்பீங்களா?"

பொகவந்தலாவை பசாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முத்துலிங்கம் முதலாளிக்குத் திருச்சிப் பக்கம்தான் சொந்த ஊர். கடைக்காரருக்கு என்ன, தாளெல்லாம் சரியாக இருக்கும், வருசா வருசம் சித்திரைக்குப் போய் வருவார். முதல் வருசம் திரும்பி வந்தபோது, ஈர வாழைச்சருகில் சுற்றிய ஒரு வெற்றிலைக் கட்டை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தார்.

"உன் வீட்டுக்காரர் குடுத்தாரு. ஆளு கல்லு மாதிரி இருக்காரும்மா. இழுப்பு மூச்சே காணோம். நீ கிள்ளின வரிசை சாகலியாம், பக்கத்துல பக்கத்துல துளிர்த்து ஒரே புதராக் கெடக்காம், தேயிலை தோத்துதாம். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாரு. உங்கண்ணன் ஏச ஏச அந்தக் கொடியை யாரையும் தொட விடறதில்லையாம்."

கட்டை அவிழ்த்தாள். அடுக்கிய முற்றல் வெற்றிலைக்கு மேலே ஒரு கை இளநுனி. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, ஒரு மொட்டு. அவள் கிள்ளின அதே அளவு. அவனே கிள்ளி வைத்திருக்கிறான். கடை வாசல் என்றும் பாராமல் அம்மாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். மறுநாள் மலையில் அந்த நுனியைச் சுண்ணாம்பு தடவி மென்றபோது, "யாருடி அது, புருசன் வெத்தலையா? எங்களுக்கும் ஒரு கிள்ளு தாவேன்" என்று நிரையிலிருந்த பெண்கள் கேலி செய்தார்கள். அவள் ஆளுக்கொரு இலை கொடுத்தாள், நுனியை மட்டும் கொடுக்கவில்லை.

வருசம் தவறாமல் கட்டு வந்தது. பழைய கொடி போய்ப் புதுக்கொடி நட்ட வருசங்களிலும் ஓரத்துக் கொடி ஒன்றைச் செல்லசாமி தன் பங்காக வைத்துக்கொண்டான். நுனி இல்லாமல் ஒரு கட்டும் வந்ததில்லை. எழுத்துத் தெரியாத இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் நெற்றியில் பொட்டை அரையணா அளவுக்கு வைத்துக்கொண்டு திரிந்தாள். நாகலெட்சுமி அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளை பெற்றாள். மூத்த பயல் ஆண்டியப்பன் அப்பனைப்போலக் கவ்வாத்துக்குப் போனான். அவனுக்கும் பெண் பார்த்தாயிற்று.

அறுபத்து மூன்றாம் வருசம், அவன் கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முத்துலிங்கம் ஊரிலிருந்து திரும்பினார். அம்மாக்கண்ணு சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வழக்கமாக அவளைக் கண்டதும் கதை சொல்லத் தொடங்குகிற மனுசன், தராசைத் துடைத்துக்கொண்டே கட்டை எடுத்து நீட்டினார்.

"எப்படிங்கய்யா இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா. கலியாணம் நல்லபடியா நடக்கட்டும்னு சொன்னாங்க."

சொன்னாங்க என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சருகைப் பிரித்தாள். ஒரே சீராக அடுக்கிய வெற்றிலை. முற்றின, அகலமான, அழகான வெற்றிலை. கொடிக்கால்காரன் கை பார்த்து அடுக்கியது. நல்லமுத்துவின் கை. ஒவ்வொரு இலையாய் எடுத்துப் பார்த்தாள். அடி வரைக்கும் பார்த்தாள். ஒரு நுனி இல்லை.

அம்மாக்கண்ணுவுக்கு விளங்கிவிட்டது. கலியாணம் முடிகிற வரைக்கும் மறைத்து வையுங்கள் என்று அண்ணன்தான் முதலாளியிடம் சொல்லியிருப்பான். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் நிற்கக்கூடாது, பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணக்கூடாது. ஊர் வழக்கம் அதுதான். அப்பன் இல்லாத மணவறையில் ஆத்தாளும் இல்லாமல் பயல் நிற்பதா? அவள் சருகை மறுபடி மடித்தாள். தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கில் சுற்றி, மூலையில் வைத்தாள். முகத்தைக் கழுவிப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு, அரிசி புடைக்கப் போனாள். அந்த ஒரு வாரமும் அவள் சிரித்த முகமாக இருந்ததை லயமே பார்த்தது. எப்படித்தான் இருந்தாளோ, நெஞ்சுரம் என்றால் அதுதான்.

கலியாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாம்பூலத் தட்டில் அந்த வெற்றிலையைத்தான் வைத்தாள். மகனுக்கும் மருமகளுக்கும் இரண்டு கையாலும் அட்சதை போட்டாள். "அப்பா வெத்தலையாம்மா?" என்று கேட்டான் ஆண்டியப்பன். "அப்பா கொடிக்கால்தாண்டா" என்றாள். பொய் சொல்லவில்லை.

மறுநாள் விருந்தாளிகள் கிளம்பினார்கள். முத்துலிங்கம் சொல்லிக்கொள்ள வந்தார், அவள் கண்ணைப் பார்க்காமலே. அம்மாக்கண்ணு அவரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"ஐயா, நீங்க மறைச்சது எம்மவனுக்காகத்தான்னு தெரியும். உங்க காலுக்குக் கும்பிடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு போனப்ப உக்காந்திருந்தாரா, படுத்திருந்தாரா?"

முதலாளி தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "படுத்துத்தாம்மா இருந்தாரு. மத்தியானம் ஆத்துல குளிச்சிட்டு வந்து மணல்ல படுத்தவரு. நல்ல தூக்கம்னு எல்லாரும் நெனைச்சிருக்காங்க. சத்தமே இல்லியாம்."

"படுத்துத்தான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

அம்மாக்கண்ணு தலையாட்டினாள். லயத்துக்குக் கீழே பீலிக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அங்கே போய்க் குனிந்து நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சளும் குங்குமமும் கலந்து ஓடின. ராக்காயி குடத்தோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அக்கா! என்னக்கா இது?"

"லயத்துக்குச் சொல்லு ராக்காயி" என்றாள் அம்மாக்கண்ணு. "கலியாணம் முடிஞ்சிருச்சு. இனிமே அழலாம்."